வாய்க்குழாயில் இருந்த துளை

அக்டோபர் 27, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நசநச மழை, குடை பிடித்தாலும் நனைக்கிற ரகம். குறுக்குத்துறையில் ஆற்றுத் தண்ணீர் கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட்டது என்று பஸ்ஸில் பேச்சு. ஜங்ஷனில் இறங்கி ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் செருப்பு வார் அறுந்தது.

செய்ய வேண்டியது:
– செருப்பு.
– மூக்குக் கிளிப் எல்லாம் கழுவ.
– போன வார ரிப்போர்ட் நகல் டாக்டர் அறைக்கு.
– மகளுக்குப் போன். (கோயம்புத்தூர் ஹாஸ்டல் போனதிலிருந்து அவளாகக் கூப்பிடுவதில்லை, மகாராணி.)

ஸ்டோர் அண்ணாச்சி ஒருவழியாகப் புது வாய்க்குழாய் அனுப்பிவிட்டார். மூச்சுத் தசையின் பலம் அளக்கிற கைமீட்டருக்கு. மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தினேன். பழையது ரப்பர். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொள்கிற மடல் வைத்தது. மடல் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பல் இல்லாத கிழடுகள் அதை வாயில் வைத்தால் நாலு பக்கமும் காற்றுப் போகும், எண் ஏறவே ஏறாது. புதியது கெட்டி பிளாஸ்டிக். வெறும் உருளை. உதட்டைச் சுற்றி வைத்து அமுக்கிக்கொள்ளலாம். நல்லதுதான்.

ஆனால் பாரேன், பக்கவாட்டில் ஒரு துளை. ஊசி நுழையும் அளவு. நானே இழுத்துப் பார்த்தேன். உஸ் என்று சத்தம், எண் ஏறிய வேகத்தில் இறங்குகிறது. அடுத்ததை எடுத்தேன், அதிலும் துளை. பெட்டியில் இருந்த ஆறிலும். ஆறுமே பழுது! பதினெட்டு வருஷமாக இந்த மூச்சு லேபில் நான் கத்துகிற ஒரே கத்து, "காத்து லீக் ஆகக்கூடாது, உதட்ட இறுக்குங்க." எனக்கே ஓட்டைக் குழாயா?

கைப்பையில் மகள் விட்டுப்போன நகப்பூச்சு இருந்தது. ரோஸ் நிறம். ஆறு துளைக்கும் ஆறு சொட்டு. காய்ந்ததும் இழுத்தேன். சத்தம் இல்லை. எண் ஜம்மென்று ஏறியது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "பழுதுச் சரக்க வாங்கி என் தலையில கட்டிட்டியளே."

"திருப்பி அனுப்புனா இன்னும் ரெண்டு மாசம் ஆவும்மா."

"வேண்டாம். நானே அடச்சிட்டேன்."

"ஏயப்பா! நீங்க எஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்மா."

மனசுக்குள் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. செருப்பு தைக்க மறந்துபோனது.

அக்டோபர் 29, புதன்

மழை விட்டு வெயில் அடித்தது, புழுக்கம். இன்றைக்குப் பதினான்கு பேர். ஊதுகிற டெஸ்ட் மட்டும் பத்து, இழுக்கிறதும் சேர்த்து நாலு.

நாலில் ஒருவர் காதர் மைதீன், வயது 62, மேலப்பாளையம். நெசவு. மெலிந்த ஆள், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. கூட வந்தது மகள் ரஹ்மத். முப்பது வயது இருக்கும். பீடி சுற்றுகிற பெண், விரல் நுனியெல்லாம் காய்ப்பு.

அவள்தான் பேசினாள். "வாப்பா ஒரு மாசமாப் படுக்கவே மாட்டேங்காவ சிஸ்டர். படுத்தா மூச்சு முட்டுதுங்காவ. செவத்துல தலவாணியச் சாச்சு ஒக்காந்தமேனிக்குக் கண்ணசருதாவ. காலையில தலவலி மண்டையப் பொளக்குதாம்."

நான் நர்ஸ் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் சிஸ்டர்தான். திருத்துவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

ஊதுகிற டெஸ்டில் அளவு கொஞ்சம் குறைவு. தறித் தூசி, வயது. பிறகு மீட்டர். வழக்கமான பாட்டைப் பாடினேன்: "பாய், உள்ள இருக்க மூச்செல்லாம் வெளிய விடுங்க. நல்லா விடுங்க. இப்பம் இந்தக் குழாய வாயில வச்சு உள்ளுக்க இழுங்க. குழாய் அடச்சிருக்கும், காத்து வராது. வராட்டாலும் விடாம இழுங்க. எம்புட்டு பலமா இழுக்கியளோ அதான் உங்க மூச்சுத் தசையோட பலம்."

இழுத்தார். இரண்டு கன்னமும் குழி விழுந்து உள்ளே போயின. மீட்டரில் 96.

நம்பவில்லை. மறுபடி. 94. மறுபடி. 96.

"எப்பிடி பாய்? இந்த மாசத்துல யாரும் இம்புட்டு இழுக்கல."

சிரித்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நாப்பது வருசம்... தறியில இருந்தவன்மா. நாடாவுல... தார் மாத்தும்போதெல்லாம்... நூல் மொனைய நாடாக் கண்ணுல வச்சி... வாயால ஒரு உறி. நூலு வெளிய... வந்துரும்."

நாடா என்றால் தறியில் இடமும் வலமும் ஓடுகிற கட்டை. நூல் சுற்றிய தார் அதன் வயிற்றில் இருக்கும். பக்கத்துத் துளைதான் கண். ஒரு நாளைக்கு நூறு உறியாவது உறிஞ்சியிருப்பாராம். நானும் ரஹ்மத்தும் சிரித்துவிட்டோம். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் ரிப்போர்ட் பார்த்தார். "பகல்ல ஆக்சிஜன் சரியா இருக்கு. தசை பலம் 96, ரொம்ப நல்லா இருக்கு. மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. தூக்கம் கெட்டு, அந்தக் கவலையில மூச்சு முட்டுற மாதிரி இருக்கு." தூக்க மாத்திரை எழுதினார், இருபது நாளுக்கு.

வாசலில் ரஹ்மத் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சங்கடப்பட்டுக்கிட்டே வந்தேன் சிஸ்டர். நீங்க நல்லாயிருக்கணும்." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் ஏதோ நானே குணமாக்கிவிட்ட மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் செருப்பு தைத்தாயிற்று.

அக்டோபர் 30, வியாழன்

மேகமூட்டம். தலைவலி. கருப்பட்டிக் காப்பி இரண்டு டம்ளர்.

டாக்டர் கேட்டார், "என்ன மல்லிகா, இந்த வாரம் எல்லாருக்கும் எண் ஜாஸ்தியா வருது?" புதுக் குழாய் சார் என்றேன், பெருமையாக. தலையாட்டினார்.

மதியம் களக்காட்டிலிருந்து ஒரு பாட்டி. எழுபத்தைந்து. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு முன்னால் மூச்சு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே இழுத்தாள். கையைத் தூக்கி மீட்டரைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். எண் 81.

81 எழுதினேன். எழுதிவிட்டு அவள் நெஞ்சைப் பார்த்தேன். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

நெருடுகிறது.

நவம்பர் 1, சனி

காலையில் நல்ல மழை. இதை வரிசையாக எழுதி வைக்கப் போகிறேன்.

காலையில் ஆள் குறைவு. களக்காட்டுப் பாட்டி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு மீட்டரை என் வாயிலேயே வைத்தேன்.

முதல் தரம் ஒழுங்காக, நெஞ்சால் இழுத்தேன்: 88. என் வயதுக்கும் உடம்புக்கும் இது அதிகம். ரப்பர்க் குழாயில் எப்போதும் அறுபதுக்குப் பக்கத்தில்தான் வரும்.

இரண்டாம் தரம் தொண்டையை அடைத்துக்கொண்டேன், விக்கலை நிறுத்த அடைப்போமே அப்படி. நெஞ்சை அசைக்கவே இல்லை. கன்னத்தால் மட்டும் ஒரு உறி. சர்பத் கடையில் குழல் போட்டு உறிஞ்சுகிற உறி.

71.

மூச்சே இல்லாமல் 71. செத்த நெஞ்சுக்கு 71 காட்டுகிறது என் மீட்டர்.

அலமாரியில் புதுக் குழாய் வந்த அட்டைப் பெட்டி. அடியில் மடித்து வைத்த தாள், பொடி எழுத்து. ஆறு மொழியில் இருக்கிறது, தமிழ் இல்லை. எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் படித்தேன். பக்கத்தில் உள்ள சிறு துளை திறந்தே இருக்க வேண்டும். நோயாளி தொண்டையை மூடிக்கொண்டு கன்னத்தால் இழுத்தால் அந்தத் துளை வழியாகக் காற்று நுழைந்து எண் விழுந்துவிடும். நெஞ்சால் இழுத்தால் மட்டுமே எண் நிற்கும். அதற்காகவே வைத்த துளை.

ஆறிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில். பழுது அப்படியா வரும்? அதுகூடத் தோன்றவில்லை எனக்கு. மூளையை எங்கே அடகு வைத்திருந்தேன்!

பழைய ரப்பர்க் குழாயின் இணைப்புத் துண்டை மேஜை இழுப்பறையில் தேடி எடுத்தேன். அதிலும் ஒரு துளை, ரப்பருக்கு அடியில். பதினெட்டு வருஷம் என் கையால் கழுவியிருக்கிறேன், ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை.

பிறகுதான் நாடா ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் கன்னத்தால் உறிஞ்சியவர். அந்தக் குழி விழுந்த கன்னம். 96 அவர் கன்னத்தின் எண். நெஞ்சுக்குள் என்ன பலம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. மூச்சுத் தசை ஓய்ந்துபோனவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் இருக்கிற கொஞ்ச மூச்சும் அடங்கிவிடும். இது எனக்கே தெரியும், டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று மாத்திரை.

ரெஜிஸ்டரில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி. சுவிட்ச் ஆஃப். டாக்டருக்கு அடித்தேன். ஆபரேஷன் அரங்கில் இருந்தார், நர்ஸ் போனை அவர் காதில் பிடித்தாள். முழுசும் சொல்லி முடிப்பதற்குள், "போங்க, உடனே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆட்டோ. ஆற்றுப்பாலத்தில் நெரிசல். தண்ணீர் செம்மண் நிறத்தில் தூண்களை இடித்துக்கொண்டு ஓடுகிறது. மேலப்பாளையத்தில் தெருவுக்குள் கணுக்கால் தண்ணீர். "இதுக்கு மேல வண்டி போவாதுக்கா." இறங்கி நடந்தேன். தைத்த செருப்பு மறுபடி அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு கடையில் கேட்டேன், "தறிக்காரர் காதர் மைதீன் வீடு?" "அந்தா, பச்சக் கதவு."

ரஹ்மத் தரையில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சிஸ்டர்! இந்த மழையில இங்கனயா வந்திய? உள்ள வாங்க. வாப்பா இப்பம் நல்லாத் தூங்குதாவ. மூணு நாளா ஒரே தூக்கம். பகல்லயும் தூங்குதாவ. எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்காவ. அம்புட்டு அசதி போல. நேத்து தெருவுக்கே நேர்ச்சைச் சோறு ஆக்கிக் குடுத்தோம், உங்க ரிசல்ட் நல்லா வந்ததுக்கு."

உங்க ரிசல்ட்.

உள் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நெஞ்சில் விழுந்து கிடந்தது. உதடு நீலம். "பாய்! பாய்!" தோளை உலுக்கினேன். கண் திறந்தது, என்னைப் பார்க்காமலே மூடியது. கையை அவர் வயிற்றின் மேல் வைத்தேன். மூச்சு இழுக்கும்போது வயிறு முன்னால் வர வேண்டும். உள்ளே போனது.

"ரஹ்மத், மாத்திரை இனிமே கிடையாது. இப்பமே கிளம்பணும்."

"ஏன் சிஸ்டர்? பலம் ஜாஸ்தின்னு நீங்கதான சொன்னிய?"

"மெஷின் தப்பாக் காட்டிருச்சும்மா."

அப்படித்தான் சொன்னேன். மெஷின்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கித் தெருமுனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டோவில் அவரைச் சாய விடாமல் ரஹ்மத் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "வாப்பா, கண்ண முழிங்க. வாப்பா, பாலம் வந்துட்டு பாருங்க." வழியெல்லாம் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை இல்லை. லீவு. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தீவிர சிகிச்சையில் இருக்கிறார். ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம். முகத்தில் மாஸ்க் கட்டி மெஷின் மூச்சு தள்ளுகிறது. தொண்டைக்குள் குழாய் போட வேண்டியிருக்குமா என்று நேற்று முழுக்க இழுபறி. காலையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இன்னும் சொல்வதற்கில்லை என்றாள் நர்ஸ்.

டாக்டர் எக்ஸ்ரே மெஷினில் மூச்சு ஓடும்போதே பார்த்திருக்கிறார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம், மூச்சின் பெரிய தசை, இரண்டு பக்கமும் வேலை செய்யவில்லை. நரம்புக் கோளாறு. படுத்தால் மூச்சு முட்டுவது அதனால்தான்.

டாக்டர் அறையில் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன், நகப்பூச்சு உட்பட. திட்டுவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படுத்தா முட்டுதுன்னு அந்தப் பொண்ணு வாயாலயே சொன்னா. பாடப் புத்தகத்துல இருக்கிற அடையாளம். நான் எண்ணைப் பாத்துட்டு அவ சொன்னத விட்டுட்டேன்."

அந்த மீட்டர் எண்ணை மட்டும்தான் காட்டும், எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டாது, கோடு வரைந்து காட்டுகிற மீட்டராக இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. காட்டிக்கொடுக்கிற துளையை அடைத்தது நான்.

படிக்கட்டில் ஸ்டோர் அண்ணாச்சி. விஷயம் அதற்குள் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும்மா மனசப் போட்டு அடிச்சிக்கிடுதிய? பழைய ரிப்போர்ட்டுல ஒத்த வரி சேத்துருங்க. நோயாளி சரியா ஒத்துழைக்கல. அம்புட்டுதான். யாரு கேக்கப் போறா?"

லேபுக்குப் போய் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தேன். பேனாவையும் எடுத்தேன். எத்தனை பேருக்கு அந்த வரியை எழுதியிருக்கிறேன்! "நோயாளி சரியாக ஒத்துழைக்கவில்லை." கை தானாகவே எழுதும். 'நோ' எழுதிவிட்டேன். அந்த மனுஷன் மூச்சு வாங்க வாங்க மூன்று தரம் இழுத்தார், நான் சொன்னபடியெல்லாம் செய்தார்.

'நோ'வை அடித்தேன். கீழே எழுதினேன்: "வாய்க்குழாயின் துளை பரிசோதகரால் அடைக்கப்பட்டிருந்தது. இந்த எண் செல்லாது." கையெழுத்து, தேதி. டாக்டரும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே ரஹ்மத் பெஞ்சில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். நான் போனது தெரியாத மாதிரி இருந்தாள், இல்லை, நிஜமாகவே தெரியவில்லையோ. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கோழை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். காதர் மைதீனுக்கு நினைவு வந்துவிட்டது.

நேற்றே வந்துவிட்டதாம். இன்றைக்கு உள்ளே போனேன். கட்டிலைச் சாய்வாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மாஸ்க் உஸ், உஸ் என்கிறது. ரஹ்மத் கஞ்சி டம்ளரோடு பக்கத்தில்.

வாசல் வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. பட்டென்று சொன்னேன்.

"அன்னைக்கு மெஷின் தப்புன்னு சொன்னேன். மெஷின் தப்பு இல்ல, பாய். குழாயில ஒரு ஓட்ட உண்டு. கன்னத்தால இழுத்தா காட்டிக்குடுக்கதுக்குன்னே வச்ச ஓட்ட. நான் பழுதுன்னு நெனச்சு அடச்சிட்டேன். நீங்க நாடா உறியுத மாதிரி இழுத்திய, அது அம்புட்டும் பலம்னு எழுதிட்டேன். அத நம்பித்தான் மாத்திரை குடுத்தாங்க. தப்பு என்னோடது."

ரஹ்மத் டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் வேறு முகமாகிவிட்டது.

பெரியவர் கையைத் தூக்கினார். மாஸ்க்கை நர்ஸ் ஒரு நிமிஷம் விலக்கினாள்.

"நாடாக் கண்ணு... அடச்சிக்கிட்டா... நாங்க ஊசியால... குத்தி எடுத்துருவோம்மா." மூச்சு வாங்கினார். "நீ குத்தி எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன், பாய். ஆறையும்."

"அப்பம் சரி."

மாஸ்க்கைத் திரும்பக் கட்டினார்கள். வராந்தாவுக்கு வந்து அழுதேன். நல்ல வேளை, மருந்து வண்டி தள்ளுகிற சத்தம் இருந்தது.

ரஹ்மத் பின்னால் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

நவம்பர் 5, புதன்

வெயில். கொடியில் மூன்று நாள் துணி.

குழாயை அடைத்திருந்த நாட்களில் மீட்டரில் இழுத்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். காதர் மைதீன் போகப் பத்து. பட்டியல் எடுத்து ஒவ்வொருவருக்கும் போன். ஒரே வாசகம்: "அன்னைக்கு நான் எடுத்த டெஸ்ட் தப்பு. மறுபடி வரணும். என் தப்புதான்."

– டவுன் ஆசிரியர்: "வேலைக்கு லீவு போட்டுல்லா வந்தேன்." வருகிறார்.
– பாளையங்கோட்டை அம்மா: அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றி. வருகிறாள்.
– இரண்டு பேர் எடுக்கவில்லை.
– களக்காட்டுப் பாட்டி: ஆபரேஷன் நாளைக்கு இருந்தது. டாக்டரிடம் சொல்லி நிறுத்தியாயிற்று. வார்டில் போய் மறுபடி எடுத்தேன், துளை திறந்த குழாயில். 38. மயக்க டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முழு மயக்கம் இல்லாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகிற ஊசியில் செய்வதாகச் சொன்னார்.

பாட்டி கேட்டாள், "என்னடி, போன தடவ எம்பதுன்னெ, இப்பம் பாதியாக் கொறச்சிட்ட?"

அவளுக்கும் அதே வாசகத்தைச் சொன்னேன்.

மகள் போன் பண்ணினாள். அவளாகவே! "அம்மா, என் ரோஸ் கலர் பாலிஷ் உன் பையில இருக்கா?" இருக்கு என்றேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு என்றாள். மழை, சளி என்றேன்.

நவம்பர் 8, சனி

ஊசியால் குத்தியும் ஒரு குழாயின் ஓரத்தில் ரோஸ் நிறம் போகவில்லை. துளை திறந்துதான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கறை. தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். போடவில்லை. மேஜையில் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

பெரிய எழுத்தில் தமிழில் எழுதி லேப் சுவரில் ஒட்டினேன்: "பக்கத் துளையை அடைக்காதே. இழுக்கும்போது நோயாளியின் கன்னத்தைப் பார். வயிற்றைப் பார். எண்ணைக் கடைசியாகப் பார்."

நேற்று ஒருவர் கன்னத்தால் இழுத்தார். உஸ் என்றது. எண் ஏறி, உடனே விழுந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் எனக்கு எரிச்சல் மூட்டிய அதே சத்தம்.

காதர் மைதீன் சாதா வார்டுக்கு வந்துவிட்டார். பகலில் மாஸ்க் இல்லை. ராத்திரி தூங்கும்போது மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும், வீட்டுக்குப் போனாலும். இனி எப்போதைக்கும் என்றார் டாக்டர். வார்டு வழியாகப் போகும்போது பெரியவர் கை காட்டுகிறார். ரஹ்மத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். திரும்பட்டும். நானாக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

விட்டு விட்டு மழை. ஆற்றில் தண்ணீர் வடிகிறது, மண்டபத்தில் சேறு அள்ளுகிறார்களாம்.

இன்றைக்கு டிஸ்சார்ஜ். அதற்கு முன்னால் காதர் மைதீனுக்கு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார் டாக்டர். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "நீங்கதான் எடுக்கணும்" என்றார்.

வீல் சேரில் வந்தார். ரஹ்மத் பின்னால், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு. அறைக்குள் வரவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

கறை இருக்கிற அந்தக் குழாயையே எடுத்தேன். துளையை அவருக்குக் காட்டினேன். தலையாட்டினார். கன்னம் உள்ளே போகாமல் இருக்க இரண்டு பக்கமும் அவர் விரலாலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். என் கை அவர் வயிற்றின் மேல்.

"எல்லா மூச்சையும் வெளிய விடுங்க, பாய். பைய. இன்னும். இப்பம் இழுங்க. கன்னத்தால இல்ல, நெஞ்சால."

முதல் தரம் பழக்கம் விடவில்லை. உஸ் என்றது, எண் விழுந்தது. நாற்பது வருஷம் பழகிய வாய். இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் கன்னம் அசையவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, கண் பிதுங்கியது, தோள் மேலே ஏறியது. அந்தச் சின்ன உடம்பு முழுவதும் இழுத்தது.

29.

ஓய்வு. மறுபடி. 31.

மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணா? தொண்ணூத்தாறு எங்கம்மா போச்சு?"

"அது கன்னத்தோடது, பாய். இதுதான் உங்களோடது."

கொஞ்ச நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொறவுதான், என்னா?"

"கொறவுதான்."

ரிப்போர்ட்டில் 31 எழுதினேன். தலை நிமிர்ந்தபோது ரஹ்மத் மேஜைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அந்தக் குழாயக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளை வழியாகப் பார்த்தாள். ரோஸ் கறையை நகத்தால் ஒரு தரம் சுரண்டினாள்.

"இம்புட்டுதானா சிஸ்டர்?"

"இம்புட்டுதான்."

கையை நீட்டினேன். அவள் குழாயை மேஜையில் வைத்துவிட்டு, வாப்பாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.